அத்தை கொண்டுவந்த லேப்டாப்

கேரள எல்லையில் எங்கள் கொல்லயில் ஊர்ப் பக்கம் துலாம் மாதத்தில், அதாவது ஐப்பசியில், மத்தியானம் திரும்பியதும் இடி வருவது நிச்சயம். கிழக்கே மலைப்பக்கம் கறுத்து முதல் உறுமல் கேட்டதுமே ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் எழுந்து ஓடுவார். டி.வி., பிரிட்ஜ், மிக்ஸி என்று சுவரில் செருகியிருப்பதையெல்லாம் பிடுங்கிப் போட்ட பிறகுதான் கொடியில் கிடக்கும் துணியைப் பற்றி யோசிப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை அம்மாவுடையது. அவள் கல்யாணமாகி வந்த வருடம் இடி இறங்கிப் புது டி.வி. கருகிப் போயிற்றாம். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டில் யாராவது கட்டிலை இழுத்தால்கூட அவள் கை பிளக்குக்குப் போய்விடும் என்று அப்பா கேலி செய்வார்.

நானும் சின்ன வயதில் பெரிய பயந்தாங்கொள்ளிதான். மாடு, ஊசி, கணக்கு டீச்சர், கிணற்றுக்குள்ளிருந்து திரும்பி வரும் என் சொந்தக் குரல், எல்லாவற்றுக்கும் பயம். ஆனால் ஐந்தாம் வகுப்பில் படித்த அந்தத் துலாம் மாதத்தில் இவற்றையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு ஒரே ஒரு பயத்தைத்தான் காலையும் மாலையும் பயந்துகொண்டிருந்தேன். அத்தையைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்பதே அது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. நெய்யாற்றின்கரைக்கு அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஓணத்துக்கு வந்தவள் ஓணம் முடிந்தும் போகவில்லை. கல்யாணத்தின்போது அவள் தனுவச்சபுரத்தில் பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். படிப்பை முடிக்க விடுவோம் என்று சொல்லித்தான் அவர்கள் பெண் கேட்டார்கள். தாலி கட்டிய பிறகு அந்தப் பேச்சை எல்லோரும் மறந்துவிட்டார்கள். மறந்தது அதை மட்டும் அல்ல என்று இப்போது தெரிகிறது. சமையலறையில் அத்தையும் அம்மாவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் போய் நின்றதும் அரிசி விலையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

விட்ட இடத்திலிருந்து படிக்க அவளைக் காலேஜில் மறுபடியும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் ஒரு புராஜெக்டை டைப் செய்து, படம் வரைந்து, பைண்ட் செய்து கொடுக்க வேண்டும். கொடுத்துத் தேறிவிட்டால் ஆரியங்கோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் எடுத்துக்கொள்வதாக வாக்கு இருந்தது. இதற்கிடையில் அடுத்த மாதமான விருச்சிகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்கு மனப்பாடம்: "படிப்பு முடியும், வேலை உண்டுன்னு சொல்ல முடிஞ்சா நம்ம வாய்க்கு ஒரு பெலன் உண்டு. இல்லேன்னா அவங்க சொல்லுறதுக்குத் தலையாட்டிட்டு இவளக் கொண்டு விடணும்."

அதனால் அந்தப் புராஜெக்ட் எங்கள் வீட்டில் இன்னொரு பிள்ளைபோல ஆகிவிட்டது. அதை வளர்க்க இருந்தது அத்தை கொண்டுவந்த பழைய லேப்டாப். அவள் வீட்டுக்காரர் புதியது வாங்கியபோது இவளிடம் தள்ளிவிட்டது. அதை ஆன் செய்துவிட்டுக் குளித்துத் தலை துவட்டிக்கொண்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு வரி டைப் செய்தால் நாலு எழுத்து விழும், மிச்சம் யோசித்துவிட்டு விழும். பாறசாலை ஜங்ஷனில் டைப் செய்யக் கொடுக்கலாம் என்றால், அந்தக் கடைக்காரர் அத்தையின் மாமனாருக்குச் சொந்தக்காரர். காலையில் கொடுத்தால் மத்தியானம் நெய்யாற்றின்கரைக்குச் செய்தி போய்விடும்.

மாமாவை வரவழைத்தார்கள். மாமா அம்மாவின் தம்பி. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், களியக்காவிளையில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருந்தார். எதைக் கேட்டாலும் தெரியாது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. லேப்டாப்பைத் தட்டிப் பார்த்தார், காதில் வைத்துக் கேட்டார், பிறகு இதற்கு விண்டோஸ் ஆகாது, லினக்ஸ் போட்டால் எழுந்து ஓடும் என்று தீர்ப்புச் சொன்னார். எனக்கு ஒரே பெருமை. எங்கள் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில் இருந்ததும் லினக்ஸ்தான். வீட்டில் அதைத் தொட்டுப் பழகிய ஒரே ஆள் நான்.

அப்பாவுக்குத்தான் சம்மதம் இல்லை. அவர் பாறசாலையில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலைக்கு நின்றார். வாங்கிய சாமானைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டி, திரும்பிப் போகிற சாமானில் ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது என்பது அவருக்கு வேதவாக்காகிவிட்டது. பெண் பிறந்த வீட்டில் வந்து நின்று பேச்சு என்று வந்தால், இரண்டு பக்கத்துச் சாமானும் உரியவர்களிடம் திரும்பப் போகும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தை கொண்டுவந்ததில் அவர்கள் வீட்டுச் சாமான் இது ஒன்றுதான்.

"அவங்க பொருள்ல கைவெச்சோம்னு ஒரு சொல்லு வரப்பிடாது, கேட்டியா. உள்ள இருக்கியத ஒண்ணும் தொடாண்டாம்" என்றார் மாமாவிடம்.

"தொடாமலே ஓட்டலாம் அத்தான். பென் டிரைவுலேருந்து ஓடும். இது டிரை பண்ணிப் பாக்கியதுக்கு உள்ளதாக்கும். டிஸ்க்குல ஒரு எழுத்துகூட விழாது."

அப்பாவுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. பெட்டியைப் பிரிக்காமலே மின்விசிறியைச் சுற்றவிடுவது போன்ற ஏற்பாடு.

மறுவாரம் மாமா மூன்று லினக்ஸ்களோடு வந்தார். லினக்ஸ் என்றால் ஒன்று என்றுதான் நான் நினைத்திருந்தேன். வாழையில் நேந்திரன், கதலி, பேயன் என்பதுபோல அதிலும் இனங்கள் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. முதலில் எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்ததைப் போட்டார். பார்க்க லட்சணமாக இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் லேப்டாப்பின் அடிவயிறு கொதித்து, உள்ளே விசிறி ஊளையிட ஆரம்பித்தது. அடுத்தது பப்பி. பெயருக்கேற்ற நாய்க்குட்டி வேகம், தொட்டால் ஓடியது. ஆனால் ஒன்றைத் திறப்பதற்குள் பல கேள்வி கேட்டது. அத்தை கேட்டது ஒரே ஒரு கேள்வி, கட்டம் போட்ட அட்டவணை இதில் சரியாக நிற்குமா என்று. மாமா ஒன்றை வரைந்து காட்டினார். கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்துக்கொண்டன.

மூன்றாவது மின்ட். அதிலும் எடை குறைந்த ஒரு வகை. பழைய லேப்டாப்புக்கும் புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் இதைவிட நல்லது இல்லை என்றார் மாமா. இதைத்தான் மற்ற இரண்டுக்கும் சொல்லியிருந்தார். அத்தை அவர் சொன்னதைக் கவனிக்கவில்லை. கீழே இடது மூலையில், அவளுக்குப் பழக்கமான அதே இடத்தில், மெனு இருந்தது. திறந்தாள், ஒரு பத்தி டைப் செய்தாள், அட்டவணை போட்டாள். எழுத்துகள் விரலோடு கூடவே வந்தன. ஓணத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "இது போதும்" என்றாள்.

போகும்போது மாமா வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு சங்கதியைச் சொன்னார். இது சோதித்துப் பார்க்க மட்டும் உள்ள ஏற்பாடு. லேப்டாப் அணைந்தால் டைப் செய்தது எல்லாம் போய்விடும். அதனால் அணைக்கக் கூடாது. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அவர் பைக்கில் எல்லையைத் தாண்டிப் போய்விட்டார். லேப்டாப்பின் பேட்டரி செத்து வருடங்கள் ஆகியிருந்தன. பென் டிரைவ் செருகும் துவாரங்கள் இரண்டில் ஒன்று உடைந்திருந்தது. நல்லதில் லினக்ஸே உட்கார்ந்திருந்தது. வைஃபை பிடிக்கவில்லை. உள்ளே இருந்த டிஸ்க் திறந்து காட்டியது, எழுத விடவில்லை. விண்டோஸைச் சரியாக மூடாமல் விட்டதால் அப்படி என்று மாமா போனில் விளக்கினார். எழுத விட்டாலும் அப்பா விட்டிருக்க மாட்டார். ஆக, அத்தையின் எதிர்காலம் முழுவதும் சுவரில் செருகிய ஒரு பிளக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் விசிறி நின்றால் என் நெஞ்சும் நின்றுவிடும். பஸ்ஸில் வரும்போது வழியில் எந்தக் கடையிலாவது லைட் எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வருவேன். வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூட இறக்காமல் அந்த அறைக்குப் போய், திரை வெளிச்சமாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வரும். அப்பா கடையிலிருந்து ஒரு பழைய இன்வெர்ட்டரை இரவல் கொண்டுவந்து அந்த ஒரு பிளக்கை மட்டும் அதில் செருகிவைத்தார். கரண்ட் போனாலும் இனி பயமில்லை என்று எல்லோரும் நிம்மதியானார்கள். அத்தை பக்கம் பக்கமாக எழுதினாள். காலேஜில் டீச்சர் திருத்திச் சொன்னதையெல்லாம் அன்றன்றைக்கே திரையில் மாற்றினாள். கரண்டைப் பற்றி யோசித்த நாங்கள் யாரும் அம்மாவைப் பற்றி யோசிக்கவில்லை.

அன்று நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கிழக்கு கறுத்திருந்தது. படியில் கால் வைக்கிறேன், தென்னந்தோப்புக்கு மேலே வானம் பிளந்ததுபோல ஒரு இடி. துணி நனைந்துவிடுமே என்று அத்தை கொல்லைப்பக்கம் ஓடினாள். அம்மா வீட்டுக்குள் ஓடினாள். டி.வி., பிரிட்ஜ், மிக்ஸி. பிறகு அந்த அறை. நான் "அம்மா" என்று கத்தினேனா, கத்துவதாக நினைத்தேனா தெரியாது. பிளக் அவள் கையில் இருந்தது. திரை கறுத்துவிட்டது.

அம்மா கையிலிருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அதைத் திரும்பச் செருகினாள், அது ஏதோ உபகாரம் செய்யும் என்பதுபோல.

அத்தை துணிக் குவியலோடு உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து துணியை மடிக்க ஆரம்பித்தாள். காய்ந்ததை மடித்தாள், ஈரமானதையும் மடித்தாள். அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள். நாத்தனார் மேல் உள்ள ஆத்திரத்தில் வேண்டுமென்றே பிடுங்கிவிட்டாள் என்று ஊரில் பேசுவார்களே என்று அழுதாள். அத்தை மடிப்பதை நிறுத்தவில்லை. "ஊரு இங்க இல்லியே மைனி. நான்தானே இருக்கேன்" என்றாள். அம்மா இன்னும் சத்தமாக அழுதாள். சமாதானம் சொன்ன பிறகும் ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

கையால் எழுதிய தாள்கள் இருந்தன. ஆனால் திருத்தங்கள் எல்லாம் போயிற்று. அத்தை மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். அம்மா அந்த அறை வாசலிலேயே பாய் போட்டு உட்கார்ந்து காய் நறுக்கினாள். தன் கையைத் தானே காவல் காத்தாள் என்று சொல்ல வேண்டும். பேச்சு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டு மாமி வேலிக்கு அப்பால் நின்று, "பேச்சு நல்லபடியா முடிஞ்சா பிள்ள தப்பிச்சா" என்று அம்மாவிடம் சொன்னதைக் கேட்டு நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பேச்சு நல்லபடியாக முடிந்தால் அத்தை எங்களோடு இருப்பாள். முறிந்தால் நெய்யாற்றின்கரையிலிருந்து கார் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும்.

பேச்சுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமா வந்தார். அத்தை அப்போதுதான் காலேஜிலிருந்து வந்திருந்தாள். இனி இரண்டே வழிதான் என்றார் மாமா. ஒன்று, இப்படியே பிளக்கைக் கட்டிக்கொண்டு அழுவது. இன்னொன்று, லினக்ஸை உள்ளே டிஸ்க்கிலேயே நிலையாகப் போட்டுவிடுவது. பக்கத்தில் இடம் கொடுத்துப் போட முடியாதா என்று அப்பா கேட்டார். மாமா டிஸ்க்கைத் திறந்து காட்டினார். இண்டு இடுக்கு இல்லாமல் கல்யாண வீடியோ நிறைந்து கிடந்தது. முகூர்த்தம் தனி, விருந்து தனி, அத்தையும் அவள் வீட்டுக்காரரும் கோவளத்தில் மணலில் நடப்பது தனி. போட வேண்டுமானால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் போட முடியும்.

அப்பா எழுந்து வாசல்வரை போனார், திரும்பி வந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது, இது தெரிந்தால் பேச்சு முறிந்துபோகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு அத்தையிடம் கேட்டார்.

"இதுல அவங்களுக்கு வேணும்னு ஏதும் உண்டா?"

"எல்லாத்துக்கும் அவருகிட்ட காப்பி உண்டு. புதுசுக்கு மாத்தின பொறவுதான் இத எனக்குத் தந்தது."

"உனக்கு?"

அத்தை திரையைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் வேண்டாம் அண்ணா."

மாமா ஒவ்வொரு கட்டமாகப் போனார். மொழி கேட்டது, ஊர் கேட்டது. கடைசியில், இந்த டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழிந்துபோகும், திரும்பக் கிடைக்காது, தொடரவா என்று கேட்டது. அதுவரை ஓயாமல் பேசிய மாமா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். ஒரு குடும்பக் காரியத்தில் தன் விரல் பட வேண்டாம் என்றார். அத்தை அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. பயம் முற்றினால் எனக்குப் பள்ளிக்கூடத்து மலையாளம்தான் வரும். "ஞெக்கல்லே அத்தே, ஞெக்கல்லே" என்று ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துத் தொங்கினேன். அழுத்தாதே, பேச்சு முறிந்துவிடும், உன்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று இரண்டு மொழியிலும் கதறினேன். பெரியவர்கள் நாலு பேரும் என்னையே பார்த்தார்கள். அம்மா என்னை வாரி மடியில் வைத்துக்கொண்டாள். அத்தை என் கன்னத்தைத் துடைத்தாள். அதே கையால் பொத்தானை அழுத்தினாள்.

நீலப் பட்டை மெல்ல நீண்டுகொண்டே போனது. யாரும் எழுந்திருக்கவில்லை. அப்பா, தங்கை வந்த நாளிலிருந்து அவளோடு ஒரே அறையில் சேர்ந்தாற்போல் உட்காராதவர், அவள் நாற்காலிக்குக் கீழே தரையில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். எல்லாம் அழிந்துகொண்டிருக்கிறது, இவர்கள் விளக்கு வைத்த வீடுபோல அமைதியாக இருக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பேச்சுக்குப் போன அப்பா, நாங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம் திரும்பி வந்தார். கையில் பழம்பொரிப் பொட்டலம், வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தது. லேப்டாப்பைக் கேட்டார்களாம். அப்பா உள்ளதைச் சொல்லியிருக்கிறார். கல்யாண வீடியோவையே அழித்தவளை எந்த முகத்தோடு வீட்டில் ஏற்றுவது என்று அவர்கள் எழுந்துவிட்டார்களாம். "பேச்சு முறிஞ்சாச்சு" என்று, மழை விட்டாச்சு என்பதுபோல அம்மாவிடம் சொல்லிவிட்டு அப்பா காலைக் கழுவப் போனார். அம்மா டீ போட்டாள். அத்தை எனக்கு இரண்டு பழம்பொரி எடுத்துத் தந்தாள். நான் தின்னவில்லை. அதன் பிறகும் பல நாள், பாதையில் கார் சத்தம் கேட்டால் கேட்டுக்கு ஓடிப்போய்க் கொண்டியைப் போட்டுவிட்டு வருவேன். கார் வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று கேட்கவும் எனக்குப் பயமாக இருந்தது.

புராஜெக்ட் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அத்தை தேறினாள். இப்போது ஆரியங்கோட்டில் டீச்சர். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையும் அவள் பொறுப்பில்தான். எனக்குத் திருவனந்தபுரத்தில் வேலை. போன ஓணத்துக்கு வீட்டுக்குப் போனபோது அவள் நேந்திரங்காய் சீவிக்கொண்டிருந்தாள். பேச்சு அந்தப் பழைய லேப்டாப்பின் பக்கம் திரும்பியது. மாமாவின் அறிவை நம்பி நாம் பட்ட பாட்டைப் பார் என்று சிரித்தேன். பென் டிரைவிலேயே கொஞ்சம் இடம் ஒதுக்கிவிட்டால் போதும், அணைத்தாலும் எழுதியது அழியாது, டிஸ்க்கைத் தொட்டிருக்கவே வேண்டாம் என்று என் படிப்பைக் காட்டினேன்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் மக்கா" என்றாள், சீவுவதை நிறுத்தாமல்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் காலேஜ் லேபில் விசாரித்தாளாம். அங்கே ஒரு பென் டிரைவில் அப்படியே செய்தும் கொடுத்துவிட்டார்கள். மாமா இரண்டே வழி என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது வழி அத்தையின் பைக்குள் குடைக்கும் சோற்றுப் பாத்திரத்துக்கும் நடுவில் கிடந்திருக்கிறது. பின்னே ஏன் அதை எடுக்கவில்லை என்று கேட்டேன்.

அத்தை கத்தியைக் கீழே வைத்தாள்.

"எடுத்திருந்தா உங்க அப்பா அதுதான் நல்லதுன்னு சொல்லியிருப்பாரு. பேச்சும் முறிஞ்சிருக்காது. ஞாயித்துக்கிழம லேப்டாப்பும் போயிருக்கும், கூட நானும் போயிருப்பேன்."